ஐந்தாம் போத்தல்

சாய்ந்தமருதில் மசூர் என்ற பெயருடையவர்கள் பலர். கஞ்சி மசூர் என்றால் ஒருவர்தான். கடற்கரைப் பக்கமாக உள்ள சின்னப் பள்ளிவாசல் ஒன்றில் பத்தொன்பது வருடம் நோன்புக் கஞ்சி காய்ச்சியவர். அந்தப் பெயர் வருடத்தில் ஒரு மாதம்தான் செல்லுபடியாகும். மிச்சப் பதினொரு மாதமும் அவர் கலியாண வீடுகளில் பெரிய சமையற்காரர்களுக்குக் கையாள். வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, அடிபிடித்த சட்டியைச் சுரண்டுவது. வயது ஐம்பத்தாறு. முப்பது வயதுச் சமையற்காரன் "மசூர், அந்தச் சட்டிய இஞ்சால தள்ளு" என்றால் தள்ளிவிட்டு மறுபடி வெங்காயத்துக்கு வருவார். அவருக்கென்று ஓர் அகப்பை அந்த இடங்களில் கிடையாது.

பிறை கண்டால் கதை வேறு. தலைநோன்பன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளியின் பின்வளவுக் கொட்டிலில் அடுப்பை மூட்டி, கிடாரம் என்ற பெரிய அண்டாவை ஏற்றி, மரத் துடுப்பைக் கையில் எடுத்தாரென்றால் அந்த மனுசனின் முதுகு நிமிர்ந்துவிடும். பாங்கு சொல்லும் மோதினார்கூட அந்த நேரம் அவரிடம் கேட்டுத்தான் விறகைத் தொடுவார். இஞ்சியும் உள்ளியும் ரம்பையும் வெந்தயமும் போட்டு, இறைச்சித் துண்டு கரைந்து போகும்வரை கிண்டி, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்குவார். பின்னேரம் அஸர் தொழுது முடிய ஊர் வாளியோடு வந்து நிற்கும்.

கிடாரத்தடியில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. "முடிஞ்சுது" என்ற சொல்லை அந்த இடத்தில் சொல்லமாட்டார். கஞ்சி பத்தாது என்று கண்டால், பக்கத்து அடுப்பில் எப்போதும் கொதித்துக் கிடக்கும் கேத்தல் தண்ணீரை விட்டு இளக்குவார்; உப்பைச் சரிபார்ப்பார்; வரிசையில் நிற்கும் கடைசி ஆளும் வெறும் வாளியோடு திரும்பியதில்லை. அடுத்தது, தன்னுடைய வீட்டுப் பங்கை எல்லாருக்கும் பிறகுதான் எடுப்பார். அவருடைய மனைவி ஆசியா உம்மா பத்தொன்பது வருடமும் குடித்தது கிடாரத்தின் அடிக் கஞ்சிதான். "ஊருக்குப் பாலும் நமக்கு அடிபிடிச்ச பத்தும்" என்று சொல்லிக்கொண்டே குடிப்பார்.

அவர்களுடைய மகள் அம்ஹா பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். கதை நடந்தபோது மூன்றாம் வருடம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். போன வருடம் நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம் குசினி வாசலில் நின்று போனில் வந்த அறிவித்தலை வாசித்தாள். பல்கலைக்கழகத்தில் உணவு ஆய்வு நாள் நடக்கப் போகிறதாம். வழக்கமாகக் கடைசி வருடத்துப் பிள்ளைகளை மட்டும்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை மூன்றாம் வருட மாணவர்களும் தங்கள் ஆய்வுகளை முன்வைக்கலாம் என்று அழைத்திருந்தார்கள்.

"என்னத்த ஆராயப் போறாய்?" என்று மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆசியா உம்மா கேட்டார்.

"அதுதான் உம்மா தெரியா. தயிர், கருவாடு, வட்டிலப்பம், எல்லாத்தயும் ஆளாளுக்குப் பிடிச்சிட்டாங்க. எனக்கு மிச்சம் ஒண்டுமில்ல."

"அப்ப உன்ட வாப்பாவ ஆராய். இருவத்தாறு வருஷமா நான் ஆராயிறன், இன்னும் முடிவு வரல்ல."

மசூர் வாசலில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நோன்புக் கஞ்சியப் பாரன் மகள். ஊர் முழுக்கக் குடிக்கிது. அதுல என்ன இரிக்கெண்டு ஆரும் பாத்ததில்லயே."

அம்ஹா போனைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.  அடுத்த நாள் அவளுடைய விரிவுரையாளர் முனவ்வறா மிஸ் அதைக் கேட்டு மிகவும் சந்தோசப்பட்டாவாம். எட்டுப் பள்ளிவாசல்களின் கஞ்சியை எடுத்துச் சோதிப்பதென்று முடிவாயிற்று.

பள்ளிக் கொட்டில்களுக்கு ஒரு குமர்ப்பிள்ளை போத்தலோடு போய் நிற்க முடியாது. ஆகவே போவது வாப்பாதான். அம்ஹா எட்டுக் கண்ணாடிப் போத்தல்களை ஆய்வுகூடத்தில் அவித்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். குளிர் போகாமல் வைக்க ரெஜிபோம் பெட்டி ஒன்று. மீன் சந்தையில் வாங்கிய ஐஸ்.

"மூடிக்கு உட்பக்கம் கை படக்கூடா வாப்பா. எடுத்த உடன ஐசுக்க வெச்சிரணும். ஆக்களுக்குக் குடுக்கிற கஞ்சியில எடுங்க. எந்தப் பள்ளி எண்டு எனக்குச் சொல்லவே கூடா. நம்பர் மட்டும்தான் எனக்கு. சோதிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிரிந்தா அது நேர்மையில்லயாம், மிஸ் சொன்னாங்க."

"அப்ப ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும்தான்."

மசூருக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. அதிகாலைச் சஹர் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் அச்சடித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்று முதல் எட்டு வரை எழுதி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இவ்வளவு கவனமாகச் சொல்லிக் கொடுத்த அம்ஹா, முதல் அகப்பையா கடைசி அகப்பையா என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது தோன்றவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அஸருக்குத் தன் கிடாரத்தடியில் நிற்கவேண்டியவர் என்பதால், கிண்டும் வேலையை மோதினாரிடம் கொடுத்துவிட்டு, பின்னேரம் மூன்று மணிக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பள்ளிக்கு சைக்கிள் மிதித்தார். அவர் போய்ச் சேரும்போது அங்கங்கே கிடாரத்தை அப்போதுதான் இறக்கியிருப்பார்கள். கஞ்சி கொப்புளித்துக்கொண்டிருக்கும். விசயத்தைச் சொன்னதும் எல்லாருக்கும் ஒரே பெருமை. நோன்பு நேரம், வந்த மனுசனுக்கு ஒரு பிளேன்டீ கொடுக்கக்கூட வழியில்லை. அதற்கு ஈடாக எல்லாரும் ஒன்றையே செய்தார்கள்: முதல் அகப்பையை அவருக்குத் தந்தார்கள்.

மூன்றாம் நாள் போனது கஞ்சிக்காரர் கச்சிமுகம்மது காக்காவின் பள்ளிக்கு. எழுபது வயது. வெற்றிலைக் காவி ஏறிய பல். கை லேசாக நடுங்கும். ஆனால் துடுப்பைப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும்.

"உன்ட மகள் நம்மட கஞ்சிக்கு மார்க் போடப் போறாவா?" என்று கேட்டார். "நான் அஞ்சாம் வகுப்போட பரீட்சைக்கு சலாம் சொன்னவன் மசூர். பெயிலாப் போட்டா வீட்ட சொல்லிப்போடாத."

பிஸ்மி சொல்லி முதல் அகப்பையை அள்ளி, ஒரு சொட்டுச் சிந்தாமல் போத்தலில் வார்த்தார்.

ஐந்தாம் நோன்பு வெள்ளிக்கிழமை. பக்கத்துப் பள்ளியைச் சேர்ந்த மஹல்லாவில் ஒரு மையித்து விழுந்து சாவு வீடாயிருந்ததால், அங்கே கஞ்சி காய்ச்சவில்லை என்று காலையிலேயே செய்தி வந்தது. அந்தச் சனமும் இங்கேதான் வரும். மசூர் வேறெங்கும் போகவில்லை. "இண்டைக்கு நம்மடத எடுப்பம்" என்று நினைத்துக்கொண்டு ஐந்தாம் போத்தலைக் கொட்டில் தட்டில் வைத்தார்.

அன்று வந்த கூட்டத்தை அவர் அதற்கு முதல் கண்டதில்லை. வாளி, சருவம், பால்மா டின், ஒருவர் கையில் தேத்தண்ணீர் பிளாஸ்க். கேத்தல் ஒருமுறை காலியாயிற்று. நிரப்பிக் கொதிக்க வைத்து அதையும் விட்டார். வரிசை இன்னும் மதிலைத் தாண்டி நின்றது. அடுப்பு அணைந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது, விறகும் இல்லை. நோன்பு திறக்க நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மதிலோரம் நின்ற கைம்பெண் உம்மு, தன் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். மசூர் பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்தார். கை கால் கழுவி வுளூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த நீலப் பீப்பாயில் அமிழ்த்தினார். அந்தத் தண்ணீரைக் கிடாரத்தில் ஊற்றினார். உப்புப் போட்டுக் கிண்டினார்.

எல்லாருக்கும் கிடைத்தது. ஒரு வாளிகூட வெறுமையாகத் திரும்பவில்லை. கடைசியில் கிடாரத்தைச் சரித்து, அடியில் கிடந்ததில் பாதியைத் தன் வீட்டு வாளியிலும் மிச்சத்தை ஐந்தாம் போத்தலிலும் எடுத்தார். மகளின் போத்தலும் தன் வீட்டுப் பங்கில் சேர்ந்ததுதானே. அதை ஊர்ச்சனத்துக்கு முந்தி நிரப்புவது அவருடைய கைக்கு வரவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்து இரண்டு மாதத்தில் உணவு ஆய்வு நாள் வந்தது. ஆய்வை முன்வைக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அழைப்பு. மசூர் வெள்ளைச் சேட்டை இரண்டு தரம் ஸ்திரி போட்டார். ஆசியா உம்மா பெருநாளுக்குத் தைத்த அபாயாவை எடுத்தார். குளிரூட்டிய மண்டபத்தில் மூன்றாம் வரிசைக் கதிரையில் இருவரும் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்ஹா மேடைக்கு வந்தாள். பேசியதெல்லாம் இங்கிலீசில். கிடாரம் ஒன்றின் படத்தைத் திரையில் காட்டியபோது மசூர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ஒரு படம் வந்தது. கீழே ஒன்று முதல் எட்டு வரை இலக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கம்பம். ஏழு கம்பங்கள் குட்டையாக, மண்ணில் நட்ட தடிபோல நின்றன. ஐந்தாவது மட்டும் சிவப்பு நிறத்தில் திரையின் உச்சியைத் தொட்டது.

"உங்கட நம்பர் என்ன?" என்று ஆசியா உம்மா காதுக்குள் கேட்டார்.

"அஞ்சு."

"அல்லாஹ். உசரத்தப் பாருங்களன்."

  மசூர் பதினொரு மாதமும் சட்டி சுரண்டும் கைகளை மடியில் வைத்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டார். அம்ஹா அந்தச் சிவப்புக் கம்பத்தைச் சுட்டிக்காட்டி நெடுநேரம் பேசினாள். சபை கூர்ந்து கேட்டது. முன்வரிசையில் ஒருவர் எழுதிக்கொண்டார். கை தட்டியபோது மசூரும் தட்டினார். பிறகு தன்னைத் தானே மெச்சுவது போலிருக்குமே என்று வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

தேத்தண்ணீர் வேளையில் அம்ஹா கையில் ரோல்ஸ் தட்டோடு இருவரிடமும் ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது. மசூர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"அந்த அஞ்சாம் நம்பர் ஏன் மகள் அவ்வளவு உசரம்?"

"அதுதான் வாப்பா முக்கியம். மத்த ஏழும் நல்லம், கிருமியே இல்லாத மாதிரி. அஞ்சில மட்டும் குவிஞ்சு கிடக்கு. ஈ-கோலி எண்டு சொல்ற, மலத்துல இரிந்து தண்ணியில கலக்கிற கிருமி. அது குடிக்க ஏலாத கஞ்சி வாப்பா. சின்னப் புள்ளையள் குடிச்சா வயித்தோட்டம் வந்து ஆஸ்பத்திரிதான்." சொல்லிவிட்டு விரலை வாயில் வைத்தாள். "எந்தப் பள்ளியெண்டு எனக்குச் சொல்லிராதீங்க."

"சொல்லல்ல" என்றார் மசூர்.

அப்போதுதான் முனவ்வறா மிஸ் வந்தா. "நீங்களா வாப்பா கஞ்சி எடுத்துத் தந்த? அம்ஹாவுக்குத்தான் முதலிடம். கண்டியில பெரிய மாநாடு ஒண்டு நடக்கப் போகுது, அங்கயும் வந்து கதைக்கச் சொல்லி அழைச்சிருக்காங்க. மூணாம் வருஷத்துப் புள்ளைக்கு இப்பிடிக் கிடைக்கிற லேசில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மசூர். தட்டிலிருந்த ரோல்ஸ் அப்படியே இருந்தது.

திரும்பி வரும் பஸ் நிந்தவூரைத் தாண்டியது. ஆசியா உம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"பீப்பாத் தண்ணியா?"

"ஓம்."

"அண்டைக்கு நாமளும்தானே குடிச்ச."

"ஓம்."

அந்த நோன்பு முதற்பத்து நாளில் உம்முவின் சின்ன மகள் வயிற்றோட்டத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடைத்தெருவில் வாங்கிய ஐஸ்பழத்தால் என்று அப்போது எல்லாரும் சொன்னார்கள். ஐஸ்பழத்தாலா, கஞ்சியாலா என்று இனி எந்த ஆய்வுகூடமும் சொல்லப் போவதில்லை. மசூர் அதை நினைத்தார். நினைத்ததை ஆசியா உம்மாவிடம் சொல்லவில்லை. ஆசியா உம்மாவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மூன்று நாள் போன பிறகுதான் மற்ற விசயம் மசூரின் புத்தியில் பட்டது. பின்வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் உரிப்பதை நிறுத்தினார். மற்ற ஏழு போத்தல்களும் முதல் அகப்பை. கொதி அடங்காத கஞ்சி. தன்னுடையது மட்டும்தான் கடைசி. அந்த ஏழு கிடாரங்களிலும் கடைசி அகப்பையை எடுத்திருந்தால் என்ன கண்டிருப்பார்கள்? எந்தப் பள்ளியில்தான் கடைசியில் தண்ணீர் விடாமல் இருக்கிறார்கள்? தன்னுடையதிலும் முதல் அகப்பையை எடுத்திருந்தால் அதுவும் குட்டைக் கம்பமாக நின்றிருக்கும். அப்படிப் பார்த்தால் அம்ஹா மேடையில் காட்டிய படம் சரியில்லை. ஒரே மாதிரி எடுக்காததை ஒரே மாதிரி எடுத்ததாகக் காட்டிய படம் அது. பிழை அவளுடையதல்ல. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இதைச் சொன்னால் தன் முகத்தில் பூசிய கரியில் பாதி போகும். அவளுடைய கண்டிப் பயணம் முழுதாகப் போகும். மசூர் தேங்காயை எடுத்து அலவாங்கில் குத்தி மறுபடி உரிக்கத் தொடங்கினார்.

அவர் பேசாமலே இருந்திருப்பார். ஊர் விடவில்லை. முகநூலில் ஊர்ச் செய்தி போடும் பக்கம் ஒன்று, "நோன்புக் கஞ்சியில் கிருமி: எந்தப் பள்ளி?" என்று எழுதிவிட்டது. எட்டுப் பள்ளியின் பெயரையும் ஆளுக்காள் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு கிழமைக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. கை நடுங்குகிற கிழவன், வெற்றிலை வாய், கச்சிமுகம்மதுவைத் தவிர வேறு யார்? தேத்தண்ணிக்கடையில் அவர் கிளாசைத் தொட்டால், "பாத்து, கிருமி ஒட்டிரும்" என்று இளந்தாரிகள் சிரித்தார்கள். அவருடைய மகனே இனி அடுப்படிக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பெரிய பள்ளிக்குப் போனபோது மசூர் அவரைப் பைப்படியில் கண்டார். வுளூச் செய்து முடித்த பிறகும் அந்த மனுசன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். நகத்துக்குள், விரலிடுக்கில், முழங்கைவரை. மசூரைக் கண்டதும் பைப்பைப் பூட்டினார்.

"மசூர், நீ போத்தலோட வந்தண்டு நான் கை கழுவினனானா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கன். ஞாபகம் வருதில்ல."

"கழுவினீங்க காக்கா."

"நீ கண்டயா?"

"கண்டன்."

"அப்ப வேற எப்பிடி வந்திரிக்கும்?" என்று கச்சிமுகம்மது கேட்டார். அவர் மசூரைக் கேட்கவில்லை. தன் கையைப் பார்த்துக் கேட்டார்.

தொழுகை முடிந்ததும் மசூர் நேரே மிஹ்லாரின் இரும்புக் கடைக்குப் போனார். மிஹ்லார் அவருடைய குடிக்கு மரைக்காயர் என்ற வம்சத் தலைவர், பள்ளி நிருவாகத்தின் தலைவர், எட்டாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தவர். கடை பூட்டியிருந்தது. பக்கக் கதவால் உள்ளே கூப்பிட்டார்.

"அஞ்சாம் நம்பர் நம்மட பள்ளி மச்சான். நான் காய்ச்சின கஞ்சி."

மிஹ்லார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆர் சொன்ன?"

"நான் சொல்றன். போத்தலுக்கு எடுத்தவன் நான்தானே. வெள்ளிக்கிழமை. பீப்பாயில அள்ளி விட்டன்."

"ஏன்டா?"

"சனம் நிண்டிச்சு."

மிஹ்லார் ஆணிப் பெட்டி ஒன்றை இழுத்து மூடினார். "உன்ட வாயால வந்து சொல்லாட்டி ஆருக்கும் தெரிஞ்சிரிக்காது. உனக்கு என்ன விசரா?"

"கச்சிமுகம்மது காக்கா கையக் கழுவிக் கழுவித் தோல் உரியிது மச்சான்."

 மிஹ்லார் தொப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார். "மத்த ஏழு பள்ளியும் சுத்தமா? உண்மையாவா? அவனுகள் தண்ணி விர்றல்லயா?"

அந்தக் கேள்வி ஒரு கதவு. திறந்துவிட்டால் உள்ளே நிற்கும் இடம் இருந்தது. நானொருவன் மட்டுமல்ல என்று சொல்லலாம். மிஹ்லார் நம்புவார், நிருவாகமும் நம்பும், ஒரு புதுக் கேத்தலும் ஒரு மூடி போட்ட தாங்கியும் வாங்கித் தந்துவிட்டு, "இனிப் பாத்துச் செய்" என்பார்கள். கிடாரம் அவரிடமே இருக்கும்.

"புள்ள சோதிச்சுத்தானே சொல்லிரிக்கி" என்றார் மசூர். "ஏழும் சுத்தம்."

நிருவாகம் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நிருவாகக் கூட்டத்தில் ஆளாளுக்கு அவருடைய பத்தொன்பது வருடத்தைப் புகழ்ந்தார்களாம். கடைசியில் மிஹ்லார் வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்து, "நீயும் களைச்சிட்டாய் மச்சான், வாற நோன்புக்குக் கொஞ்சம் ஓய்வெடு. கல்முனையில ஒரு கேட்டரிங்காரனோட கதைச்சிரிக்கம்" என்றார். ஆசியா உம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரை முழுதாகக் குடித்தார். மிச்சம் வைத்தால் வேறு அர்த்தமாகிவிடும் என்று பயந்திருப்பார்.

கச்சிமுகம்மது மறுபடி அடுப்படிக்குப் போனார். மசூரைக் கண்டால் சலாம் சொல்லுவார், நின்று கதைக்கமாட்டார். அந்த மனுசனைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாதம் முழுக்க வேறொருவனின் கரியைத் தன் முகத்தில் சுமந்தவர்.

ஊருக்குத் தெரிந்தால் அம்ஹாவுக்கும் தெரியும். அன்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய் உம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் கண்டிக்குப் போகல்ல. மிஸ்ஸிட்டச் சொல்லிப் பேர எடுத்திர்றன்."

"போகணும்" என்றார் மசூர். "போகாட்டி நான் குடுத்தது எல்லாம் சும்மாப் போயிரும்."

எதைக் கொடுத்தாரென்று அவள் கேட்கவில்லை. கிடாரத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும்.

கண்டிக்குப் போவதற்கு மூன்று நாள் முந்தி அவள் மடிக்கணினியோடு வந்து அவருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். மாநாட்டில் கேள்வி கேட்பார்களாம். மாதிரி எப்படி எடுத்தது என்று விவரமாக எழுதவேண்டுமாம்.

"வாப்பா, ஒண்டு கேக்கன். ஏழும் இவ்வளவு சுத்தமா இரிக்கிற கொஞ்சம் புதினமா இரிக்கெண்டு மிஸ் சொன்னாங்க. மத்தப் பள்ளிகள்ல எந்த நேரம் எடுத்த? நம்மடத எந்த நேரம் எடுத்த?"

ஆசியா உம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினார். மசூர் மகளின் விரல்களைப் பார்த்தார். அவை எழுத்துகளின் மேல் காத்திருந்தன.

"எல்லாம் ஒரே மாதிரித்தான்" என்றார்.

அம்ஹா அவருடைய முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அதை எழுதினாள். ஆசியா உம்மாவின் சுளகு மறுபடி சத்தம் போடத் தொடங்கியது.

அன்று தொட்டு மசூர் தொழுகையில் நெற்றி நிலத்தில் பட நெடுநேரம் சுஜூதில் கிடப்பார். என்ன கேட்டாரென்று யாருக்கும் தெரியாது. வாழ்நாளில் பொய்யே சொல்லாதவரென்று அவரைச் சொல்ல முடியாது. எல்லாரையும் போலச் சில்லறைப் பொய்கள் சொன்னவர்தான். ஆனால் இது மகளின் கையால் எழுதப்பட்டு, அச்சாகி, கண்டிக்குப் போனது. திருப்பி வாங்க முடியாதது. கண்டியிலிருந்து வந்த சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். ஆணி அடித்தது மசூர்தான். அதன்பிறகு அவர் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தார்.

இந்த வருடம் நோன்பு வந்தது. தலைநோன்பன்று லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தவருக்குக் கால் பின்வளவுப் பக்கமே திரும்பியது. கொட்டிலில் அடுப்பு இல்லை. நீலப் பீப்பாயையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அஸருக்குப் பிறகு வேன் வந்தது. கையுறை போட்ட இருவர் மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பைகளை மேசையில் அடுக்கினார்கள். வடிகட்டிய தண்ணீர், சீல் வைத்த மூடி, முந்நூறு கோப்பை. ஒரு குறை சொல்வதற்கில்லை. கஞ்சியும் நன்றாகத்தான் இருந்தது. இஞ்சி கொஞ்சம் குறைவு.

ஆசியா உம்மா ஒவ்வொரு நாளும் வாளியைக் கையில் கொடுத்து அனுப்பினார். கோப்பையில்தான் தருகிறார்கள் என்று தெரியும். வாளி இல்லாமல் அவரைப் பள்ளிக்கு அனுப்பத்தான் அவருக்குத் தெரியவில்லை. மசூர் வரிசையின் கடைசியில் நிற்பார். வழக்கம் அதுதான்.

ஏழாம் நோன்பன்று பக்கத்து ஊரிலிருந்து மார்க்கப் பிரசாரத்துக்கு வந்த ஜமாஅத்தார் பள்ளியில் தங்கியிருந்தார்கள். கூட்டம் கூட. மசூருக்கு முன்னால் பத்துப் பதினொரு பேர் நிற்கும்போது கையுறைக்காரன் வெறும் தட்டைத் தூக்கிக் காட்டினான்.

"முடிஞ்சுது. நாளைக்கு நேரத்தோட வாங்க."

யாரும் சத்தம் போடவில்லை. அவன் சொன்னதில் பிழையில்லை. முந்நூறு என்றால் முந்நூறு. வரிசை மெல்லக் கலைந்தது. மதிலோரம் நின்ற உம்மு மட்டும் போகவில்லை. மகள் இப்போது இடுப்பில் இல்லை. வளர்ந்து, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உம்மு மசூரைக் கண்டுகொண்டாள்.

"காக்கா, ஒருக்கா உள்ள போய்ப் பாருங்களன். அடியில கொஞ்சம் கிடக்காதா?"

மசூர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவர் கையிலிருந்த வாளியைப் பார்த்தது.

"கிடாரமில்ல புள்ள, கோப்பை" என்றார். "இதுக்கு அடியெண்டு ஒண்டில்ல."

உம்மு தலையாட்டினாள். மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். போன வருடம் தன் பிள்ளை எதனால் கிடந்தாள் என்று அவள் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. இன்றைக்காவது கேட்டிருக்கலாம் என்று மசூருக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆசியா உம்மா பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைத்திருந்தார். அம்ஹா பாயில் உட்கார்ந்து, இந்த வருட உணவு ஆய்வு நாளுக்கு வந்த அழைப்பைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பாவைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கஞ்சி?" என்று ஆசியா உம்மா கேட்டார்.

"முடிஞ்சுது."

பள்ளியிலிருந்து அந்தச் சொல் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆசியா உம்மா வாளியை வாங்கி உள்ளே பார்த்தார். கழுவத் தேவையில்லாமல் இருந்தது. அப்படியே கவிழ்த்து வைத்தார்.